சார்ஜென்ட் வார்னிக்கியின் இசைத்தட்டு

நேயர்களுக்கு வணக்கம். போர்ப் படம் என்றாலே பீரங்கி முழக்கமும் வெற்றிக் கொடியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வில்லியம் வெல்மன் இயக்கி 1945இல் வெளிவந்த ‘தி ஸ்டோரி ஆஃப் ஜி.ஐ. ஜோ’ படத்தில் அவற்றுக்கு அதிக இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையின் சிறு பிரிவு ஒன்று, ராணுவ மொழியில் ஒரு கம்பெனி, வட ஆப்பிரிக்காவில் தொடங்கி இத்தாலி மலைகள்வரை நடக்கிறது. மழை, சேறு, தூக்கமின்மை, மறுபடியும் சேறு. கூடவே நடக்கிறார் எர்னி பைல் என்ற பத்திரிகையாளர். தளபதிகளை விட்டுவிட்டுச் சாதாரணச் சிப்பாய்களைப் பற்றி எழுதி, அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்குப் பெருமைக்குரிய புலிட்சர் பரிசை 1944இல் பெற்றவர்.

அந்தக் கம்பெனியில் வார்னிக்கி என்று ஒரு சார்ஜென்ட். முரட்டு ஆள். அவருக்கு வீட்டிலிருந்து ஓர் இசைத்தட்டு வந்திருக்கிறது. அதில் அவருடைய சின்ன மகனின் குரல் இருக்கிறது. கேட்பதற்கு கிராமபோன் வேண்டுமே! போர்முனையில் அதற்கு எங்கே போவார்? தட்டை உடையாமல் சுமந்துகொண்டு திரிகிறார். கிடைத்த பழைய கருவியோடு மல்லுக்கட்டுகிறார். சுற்றிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இவருக்கோ அந்தத் தட்டு ஒன்றே குறி. கடைசியில் ஒருநாள் மகனின் குரல் கேட்டேவிடுகிறது. முகம் தெரியாத ஒரு குரல் மனதை என்ன செய்யும் என்பது வானொலி கேட்கும் உங்களுக்குத் தெரியும். அவ்வளவு நாள் தாங்கிய மனிதருக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. வெறிகொண்டு எதிரியை நோக்கிப் பாயப் பார்க்கிறார். கேப்டனே அவரை அடித்து வீழ்த்த வேண்டியிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். காலாட்படை வீரனின் காயம் உடம்பில் மட்டும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

அந்த கேப்டனாக நடித்தவர் ராபர்ட் மிட்சம். இறந்த பையன்களின் வீட்டுக்குக் கடிதம் எழுதி எழுதியே ஓய்ந்துபோன மனிதர் அவர். கடைசியில் அவருடைய உடலும் கோவேறு கழுதை முதுகில் மலையிலிருந்து இறங்குகிறது. 1943 டிசம்பரில் இத்தாலியில் இறந்த ஹென்றி வாஸ்கோ என்ற கேப்டனைப் பற்றி பைல் எழுதியதுதான் இதற்கு மூலம்.

நேரம் நெருங்கிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் சிப்பாய்களாக வருபவர்களில் பலர் இத்தாலியில் உண்மையாகவே போரிட்டவர்கள். படப்பிடிப்பு முடிந்ததும் பசிபிக் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள், சிலர் திரும்பவில்லை. எர்னி பைலும், படம் திரைக்கு வருமுன்பே, 1945 ஏப்ரல் 18 அன்று ஒகினாவா அருகே ஒரு தீவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெல்மனைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வணக்கம்.