கான்வென்ட் என்றால் மடம்தான்

நடுவர் அவர்களே, வணக்கம். கான்வென்ட் என்றதும் நினைவுக்கு வர வேண்டியது பள்ளிக்கூடமா, மடமா என்பது தலைப்பு. மடம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

மதுரையில் ஆட்டோ ஏறி 'கான்வென்ட்டுக்குப் போங்க' என்றால் பள்ளிக்கூட வாசலில்தான் இறக்கிவிடுவார்கள், மக்கள் பேச்சே தீர்ப்பு என்றார் எதிரணித் தலைவர். சரி, மக்கள் பேச்சுக்கே வருவோம். 'பிள்ளைய கான்வென்ட்ல போட்டிருக்கேன்' என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? தெருமுனையில் ஒருவர் நர்சரிப் பள்ளி திறக்கிறார். அங்கே ஒரு கன்னியர்கூட இல்லை, ஜெபக்கூடம் இல்லை. ஆனாலும் போர்டில் 'கான்வென்ட்' என்று எழுதுகிறார். சிஸ்டர்கள் கண்டித்து வளர்ப்பார்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஊர் வைத்த நம்பிக்கைதான் அந்தப் போர்டில் ஏறியிருக்கிறது. அதைச் சம்பாதித்தவர்கள் மடத்தில் இருக்கிறார்கள்.

லத்தீனில் 'கொன்வென்துஸ்' என்றால் கூடி வருதல். துறவியர் கூடி வாழும் இடத்துக்கு அது பெயரானது. நம் கத்தோலிக்க மக்கள் கன்னியர் மடம் என்றார்கள். ஆதீன மடம் இருக்கிற ஊரில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். காலையில் ஜெபம், திருப்பலி; அப்புறம்தான் பள்ளிக்கூடம். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு, அதாவது துறவு உறுதிமொழி. வறுமை என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. அரசு உதவி பெறும் பள்ளியில் சிஸ்டருக்கும் மற்ற டீச்சர்களைப் போலச் சம்பளம் உண்டு. அது சபைக்குப் போய்விடும். வழிச்செலவுக்குக்கூட மடத்துத் தலைவியிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். இந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிடிக்க வேண்டும் என்று 2024இல் முடிவானது. வரி விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் மாதம் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, 'இந்தப் பணம் எனக்குரியதல்ல' என்று சொல்கிற பெண்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

'பள்ளிதான் ஊருக்குப் பயன், மடம் அவர்கள் சொந்த வாழ்க்கை' என்றார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அக்கா. அக்கா, 1953இல் நம் மதுரையில் பாத்திமா கல்லூரியைத் தொடங்கியவர்கள் லியோன் புனித சூசையப்பர் சபைக் கன்னியர். துறவுக்கு வந்ததால்தான் அவர்கள் பாடம் நடத்தவும் வந்தார்கள். இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

கார்மேல் சபையில், உள்ளடைப்பில், அதாவது மடத்தை விட்டு வெளியே வராமல், ஜெபத்திலேயே வாழும் கன்னியரும் உண்டு. அங்கே வகுப்பறை கிடையாது, மாணவர் சேர்க்கை கிடையாது. அதுவும் கான்வென்ட்தான். அப்படியென்றால் கன்னியரே இல்லாத ஒரு பள்ளியில், பெயர்ப்பலகையைத் தவிர கான்வென்ட் எங்கே இருக்கிறது? அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.