மதிலில் ஒரு கடப்பு

நடுவர் அவர்களே, களுவாஞ்சிகுடிச் சபையோரே, வணக்கம்.

'பெருந்தொற்றுக்குப் பிறகு மனிதரைத் தேற்றுவது வீடா, அயலா?' என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் வீடு என்றார். "2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டபோது வீட்டுக்குள் இருங்கள் என்றார்களா, அயலுக்குள் இருங்கள் என்றார்களா?" என்று கேட்டுக் கைதட்டும் வாங்கிக்கொண்டார். நானும் தட்டினேன். நோய் தொற்றாமல் வீடு காத்ததை யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் தலைப்பில் 'பிறகு' என்றொரு சொல் கிடக்கிறது. ஐயா அதைத் தாண்டிக் குதித்துவிட்டார்.

2021இல் எங்கள் வீட்டுக் கேற்றில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். கல்வீடு, மின்விசிறி, தொலைக்காட்சி, குறையொன்றும் இல்லை. மூன்றாம் நாள் என் மாமி பேச்சை விட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. வளவைப் பிரித்து ஒரு கிடுகு வேலி, அதில் ஓர் ஆள் நுழையுமளவு கடப்பு. அந்தப் பக்கம் மாமியின் தங்கை வீடு. பொழுதுபடும் நேரம் அவர் மூடிபோட்ட கோப்பையொன்றைக் கடப்படியில் வைத்துவிட்டு, ஏழெட்டு அடி பின்னால் போய் நின்று குரல் கொடுப்பார்: "அக்கா, கூனி வறுத்தேன். உறைப்புக் கொஞ்சம் கூடிவிட்டது." படுக்கையிலிருந்து மாமி சொல்வார்: "உனக்கு எந்தக் காலத்தில் கை அளவு தெரிந்தது?" அன்றைக்குச் சோறு இறங்கியது. பக்கத்தில் மருந்துப் போத்தலோடு நின்ற மருமகனை யார் கவனித்தார்கள்!

எங்கள் மட்டக்களப்பு மண்ணில் அயல் தற்செயலாக வாய்ப்பதில்லை. பெண்ணுக்கு வீடு சீதனம். மூத்தவளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் இளையவளுக்கும் ஒரு வீடு எழும்பும். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழக்கம். என்னைப் போன்ற மருமக்கள்தாம் இங்கே வந்தேறுகுடிகள்.

அயல் கலைந்தால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகே கண்டவர்கள் நாம். கடற்கரை நாவலடிச் சனம் திராய்மடுவுக்குக் குடிபெயர்ந்து போனது. புது வீடு கிடைத்தது. வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்ட குரல்களில் எத்தனையையோ அலை கொண்டுபோயிருந்தது.

"தொற்று வந்த வீட்டை ஒதுக்கியதும் இதே அயல்தானே?" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கேற்றைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்கள் முகத்தை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. ஏன் மறக்கவில்லை? சுவர் வெடித்திருந்தால் சீமெந்து பூசிவிட்டு மறந்திருப்பாள். காயப்படுத்தும் வல்லமை யாரிடம் இருக்கிறதோ, ஆற்றும் வல்லமையும் அங்கேதான் இருக்கிறது.

இன்னும் ஆறாதவர்கள் யார் என்று பாருங்கள். அந்த நாட்களில் உறவைப் பறிகொடுத்தவர்கள். உடலைப் பெட்டியில் மூடியே வைத்தார்கள். முஸ்லிம்களின் உடல்களைக்கூட எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் நம் மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். அப்போதும் வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது நடுவர் அவர்களே, கூரையும் கதவும் குறையவில்லை. வராமல் போனது பக்கத்து வீட்டுச் சோறு. கட்டிப்பிடித்து அழ ஆள் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், ஓராண்டு கழித்துத் தன் வீட்டுக்கு வந்த பெண்ணிடம், "நீ அன்றைக்கு வரவில்லையே" என்று சொல்லி அப்போதுதான் அழத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தலைவர் வீடும் எங்கள் தெருவில்தான். ஆளுயரத்துக்கு மதில் கட்டியிருக்கிறார். போன மாதம் மேசனைக் கூப்பிட்டு, பக்கத்து வளவுப் பக்கமாக அதை உடைத்து ஒரு சின்னக் கேற் போட்டார். எதற்கென்று அவரிடமே கேளுங்கள்.