காரைக்குடியிலிருந்து சிறுமலைக்கு: மிதிவண்டிச் சாலையும் புளியமர நிழலும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி இந்த அவையைக் குளிர்வித்த பேராசிரியர் ஐயா அவர்களே, தம் வீட்டு முகப்பையும் வளவையும் இக்கூட்டத்துக்கென ஒழித்துத் தந்து வந்தவர் அத்தனை பேருக்கும் வெள்ளைப் பணியாரம் பரிமாறிய ஆச்சி அவர்களே, எங்கள் அழைப்பை மதித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நெடுஞ்சாலைப் பொறியாளர் பெருமக்களே, இரட்டைக் கதவு வரை நிறைந்து நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். ஆச்சி அவர்களின் தந்தையாரான அப்பச்சி இதே பட்டாலையில் ஒரு ராலே மிதிவண்டியை நிறுத்தி, நாள்தோறும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பாராம். அந்த வீட்டில் நின்று மிதிவண்டியைப் பற்றிப் பேசுவது எனக்குப் பெரும் பேறு.

மிதிவண்டிக்கும் செட்டிநாட்டுக்கும் உள்ள உறவு புதிதன்று. பள்ளத்தூரில் வேர்கொண்ட முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து 1949ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்; நம் தெருக்களில் ஓடிய ஹெர்குலிஸ் வண்டிகள் அம்பத்தூரில் உருவானவை. 1990களின் தொடக்கத்தில் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தபோது, கல் உடைக்கும் பெண்களும் வயலில் நாற்று நடும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வண்டி ஏறினார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

 முதலில் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். விடியுமுன் காரைக்குடியை விட்டுக் குன்றக்குடி மயில்களின் அகவலைக் கேட்டபடி பிள்ளையார்பட்டியைத் தொட்டு, மருது சகோதரர்கள் 1801ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூரைக் கடந்தால், சிங்கம்புணரிப் பக்கம் தரை மெல்ல மேடு கட்டத் தொடங்கும். அங்கே பிரான்மலை எதிர்ப்படும். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பறம்பு அதுவே; உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை என்று கபிலர் பாடியது அதைத்தான். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயிலும் உச்சியில் தர்காவும் இருக்கின்றன. அதன்பின் கொட்டாம்பட்டி, நத்தம் வழியாகத் திண்டுக்கல்லை நெருங்கும்போது 18 கொண்டை ஊசி வளைவுகளோடு சிறுமலைச் சாலை பிரிகிறது. கொல்லிமலையின் 70 வளைவுகளை எண்ணி மலைப்பவர்கள் இங்கே பழகுவது நல்லது.

அந்தச் சாலையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. முதன்முறை ஏறியபோது ஏறுவதைப் பற்றி மட்டுமே படித்திருந்தேன். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்விளிம்பில் செல்வதால் அங்கே ஏற்றம் செங்குத்தாகும் என்றும், வளைவுக்கு முன்பே சிறிய கியருக்கு மாறிவிட வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. அவ்வாறே ஏறியும் விட்டேன். இறங்கும்போதுதான் அறியாமை வெளிப்பட்டது. அச்சத்தில் பின் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தேன். நான்கைந்து வளைவு இறங்கியதும் ரப்பர் கருகும் வாடை. அடுத்த வளைவில் பட்டென்று டியூப் வெடித்தது. வண்டியை ஓரச்சுவரில் சாய்த்து, பிரேக் உரசிச் சூடேறியிருந்த சக்கர விளிம்பை, அதாவது ரிம்மைத் தொட்டேன். விரல் நுனி பொசுங்கியது. அப்போது கீழிருந்து இரண்டு குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். மலைவாழைத் தார் சுமக்கும் குதிரைகள் அவை. வண்டியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கைத்தாங்கலாக என்னை ஒரு மரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: “தம்பி, இறக்கத்துல குதிரையக்கூட இழுத்துப் புடிச்சுக்கிட்டே வரமாட்டோம். விட்டுப் புடிக்கணும், விட்டுப் புடிக்கணும்.” அன்று முதல் முன்பிரேக்கும் பின்பிரேக்கும் மாறி மாறி, விட்டு விட்டுத்தான் பிடிக்கிறேன். அவர் தந்த இரண்டு சிறுமலைப் பழங்களின் மணம் இன்னும் நினைவில் இருக்கிறது. ரிம் ஆறும் வரை அந்த மரத்தடியில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தபோதுதான், காட்டுக்குள் எனக்கு நிழல் கிடைத்தது, அதற்கு முன் கடந்துவந்த நெடுஞ்சாலையில் எங்கே கிடைத்தது என்ற கேள்வி எழுந்தது.

பொறியாளர் பெருமக்கள் இதைப் பொறுமையோடு கேட்க வேண்டும். சமதரையில் விரைந்து செல்பவனுக்கு எதிர்காற்றே வியர்வையை உலர்த்தி உடலை ஆற்றிவிடும். ஏற்றத்தில் ஆள் நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலே ஊர்ந்து செல்பவனுக்கு அந்தக் காற்றும் இல்லை; சித்திரை வெயிலில் மேலே கதிரவன், கீழே தார். அவனைக் காப்பது சாலையோரப் புளியமரம் ஒன்றுதான். ஆழ வேரோடி, புயலுக்கும் வறட்சிக்கும் அசையாமல் நின்று, ஆண்டுதோறும் மகசூல் ஏலத்தில் அரசுக்கு வருவாயும் தரும் மரம் அது. எங்கள் ஊர்ச் சாலையில் போன மாதம் நான் கண்டது என்ன? ஒரு புளியமரத்தின் பட்டையை உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கி, செதுக்கிய இடத்தில் சிவப்பு வண்ணத்தால் எண் எழுதியிருந்தார்கள்; சாலையை அகலப்படுத்த வெட்டப்போகும் மரம் என்பதற்கு அது அடையாளம். எண்ணுக்குக் கீழே பால் வடிந்து காய்ந்ததுபோல் ஒரு கோடு. இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம் அது. என் ஐயா சந்தைக்குப் போகும்போது மாட்டை அவிழ்த்துக் கட்டிய மரம்.

சாலை அகலமாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரவரிசையை நடுவில் நிறுத்தி, புதிய தடத்தை அதற்கு அப்பால் போடலாம். பழைய தடத்தின் ஓரத்தில் ஒன்றரை மீட்டரை மிதிவண்டிக்கு ஒதுக்கலாம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது; அந்தப் பிள்ளைகள் லாரிச் சக்கரத்துக்கும் மண்விளிம்புக்கும் இடையே உயிரைப் பிடித்துக்கொண்டு போவது நியாயமா? வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நடுவோம் என்கிறார்கள். நட்ட கன்று நிழல் தரும் மரமாக இருபது ஆண்டாகும்; அதற்குள் இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். இரண்டு முறை மனுக் கொடுத்தோம், பதில் வரவில்லை. மூன்றாவது மனுவையும் எழுதிவிட்டோம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

வரும் ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பிள்ளையார்பட்டிச் சாலைத் தொடக்கத்தில் கூடுவோம். திருப்பத்தூர் வரை இருபுறமும் நிற்கும் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளந்து, சிவப்பு எண்ணோடு குறித்து, மனுவோடு இணைக்கப் போகிறோம். அளவு நாடாவும் நோட்டும் நான் கொண்டு வருகிறேன்; நீங்கள் டயரில் காற்று நிரப்பிக்கொண்டு வாருங்கள். மரங்களுக்கு எண் எழுதிய பட்டியலின் நகல் ஒன்றைப் பொறியாளர் ஐயா இன்று எங்களுக்குத் தந்தால், அளக்கும் வேலை பாதி குறையும். வணக்கம்.