ஜான்ஸ்டவுன் ஜெட்ஸ்: வெள்ளத்தோடு போன ஓர் அணி

நேயர்களுக்கு வணக்கம். பெரிய அணிகளின் வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று ஆடிய சிற்றணிகளின் மேல்தான் எனக்கு நெடுநாள் பற்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே ஆறுகள் கூடும் பள்ளத்தில் அமைந்த உருக்காலை நகரமான ஜான்ஸ்டவுனின் ஐஸ் ஹாக்கி அணி, ஜான்ஸ்டவுன் ஜெட்ஸ், அத்தகையது.

1950இல் திறக்கப்பட்ட போர் நினைவு அரங்கத்தில் அவர்கள் ஆடினார்கள். அவர்கள் சறுக்கி ஆடும் உறைதளம் வானிலிருந்து விழுந்த பனியன்று. தரைக்கடியில் ஓடும் குழாய்களை இயந்திரத்தால் குளிரவைத்து, மேலே ஊற்றும் நீரை உறையச் செய்ய வேண்டும். மின்சாரம் நின்றால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி என்னவாகும் என்பது நீங்கள் அறிந்ததே. இந்த இயந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1975இல் வட அமெரிக்க ஹாக்கி லீக்கின் கோப்பையை வென்ற அணியில் கார்ல்சன் சகோதரர்கள் மூவர் இருந்தார்கள். ஆட்டத்துக்குச் சமமாக அடிதடிக்கும் பெயர் பெற்றவர்கள். நெட் டவுட் என்ற வீரரும் இருந்தார். எனக்கு மிகவும் பிடித்த கதை அவருடையது. அணி கைவிட்டுப் போகும் நிலையில் இருக்கிறதென்று அவர் ஒரு நாள் தம் சகோதரி நான்சி டவுடிடம் தொலைபேசியில் புலம்ப, அணி யாருக்குச் சொந்தம் என்று சகோதரி கேட்டார். நெட்டுக்குத் தெரியவில்லை. நாள்தோறும் அடிவாங்கி ஆடுகிறவனுக்கு முதலாளி யாரென்று தெரியாத அந்த விந்தையிலிருந்து நான்சி எழுதிய திரைக்கதைதான் 1977இல் வெளிவந்த 'ஸ்லாப் ஷாட்'. அதன் பெரும்பகுதி ஜான்ஸ்டவுனிலேயே படமாக்கப்பட்டது. அதை அடிதடிப் படம் என்பார்கள்; எனக்கோ அது முதலாளி யாரென்ற கேள்வியைப் பற்றிய படம். கதையில் ஆலை மூடப்படுகிறது, அணி கலைக்கப்பட இருக்கிறது.

படம் வந்த சில மாதங்களிலேயே உண்மை அணியும் முடிந்தது. ஆனால் அதை முடித்தது ஆலையன்று, நீர். 1889ஆம் ஆண்டு வெள்ளத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரையும், 1936இல் மேலும் சிலரையும் இழந்த அந்நகரம், பின்னர் ஆற்றுக்குக் கரைச்சுவர் எழுப்பி, தன்னை வெள்ளமற்ற நகரமென்றே அழைத்துக்கொண்டிருந்தது. 1977 ஜூலை 19 இரவு தொடங்கிய பெருமழையில் அணைகள் உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அரங்கத்துக்குள் புகுந்த வெள்ளம், நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்தக் குளிரூட்டும் இயந்திரத்தைப் பாழாக்கியது. உறைதளம் இல்லாமல் ஹாக்கி ஏது? ஜெட்ஸ் மீண்டும் களமிறங்கவில்லை.

கடிகாரம் என்னை விரட்டுகிறது. பின்னர் வந்த அணிகளைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1988இல் அதே அரங்கத்தில் தோன்றிய புதிய அணி, படத்தில் வரும் கற்பனை அணியின் பெயரையே எடுத்துக்கொண்டு, ஜான்ஸ்டவுன் சீஃப்ஸ் என்று 2010 வரை ஆடியது. நன்றி, வணக்கம்.