வைக்கல் தின்னும் சினைப்பசுவும் அதன் வயிற்றுக் கன்றும்

வணக்கம். வெள்ளவத்தையில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மாட்டுத் தீவனத்தைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வருவீர்கள் என்று நான் நினைக்கவேயில்லை. உங்களில் பலருக்கு வீடு கொழும்பில், ஆடும் மாடும் ஊரில். அங்கே பெரியம்மாவோ மாமாவோ பார்த்துக்கொள்கிறார்கள், நீங்கள் இங்கிருந்து புண்ணாக்குக்குக் காசு அனுப்புகிறீர்கள். அந்தக் காசு எந்த மாதம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நம் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. பசு கன்று போட்டவுடன் புண்ணாக்கு, தவிடு, கஞ்சி என்று ஒரே உபசாரம், பால் வருகிறதே. பால் வற்றிவிட்டால் வைக்கலும் தண்ணீரும், இல்லையென்றால் தரவையில் அவிழ்த்துவிட்டு மறந்துவிடுவது. பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், ஆட்டுக்கு 150 நாள். வயிற்றிலிருக்கும் கன்றின் எடையில் பெரும்பங்கு கடைசி மூன்றிலொரு பகுதியில்தான் ஏறுகிறது, அதாவது நாம் மாட்டைக் கவனிக்காமல் விடுகிற அதே காலத்தில்.

சரி, அப்போது என்ன கொடுப்பது? மாவும் புரதமும் எல்லோரும் பேசுகிற விஷயம், விட்டுவிடுகிறேன். கொழுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூளை, கண்ணின் விழித்திரை, ஒவ்வொரு கலத்தின் சவ்வு, எல்லாவற்றுக்கும் சில வகைக் கொழுப்பமிலங்கள் வேண்டும். அவற்றில் அடிப்படையான இரண்டை, ஒமேகா-6 வகையில் லினோலெயிக், ஒமேகா-3 வகையில் லினோலெனிக், எந்த மிருகமும் தன் உடம்பில் செய்துகொள்ள முடியாது. தாய் தின்றால்தான் உண்டு.

அப்படியென்றால் எண்ணெயைப் பருக்கிவிடலாமே என்று தோன்றும். மூங்கில் குழாயை வாயில் வைத்து நல்லெண்ணெய் பருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில், எண்ணெய் சுவாசக்குழாய்க்குள் போனால் மாடு நியூமோனியாவில் செத்தே போகலாம். அது நடக்காவிட்டாலும், மாட்டின் வயிற்றில் நாலு அறை. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். இந்த எண்ணெய் அவற்றுக்கு நஞ்சு மாதிரி, அதனால் அதோடு ஐதரசனைச் சேர்த்துக் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடும். நீங்கள் ஊற்றியது நல்லெண்ணெய், குடலுக்குப் போய்ச் சேர்வதில் பெரும்பகுதி மாட்டுக்கொழுப்பில் இருக்கிற அதே ஸ்டியரிக் அமிலம். தீவனத்தின் உலர் எடையில் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிக்கும் நுண்ணுயிர்களும் அடிபடும், அப்புறம் தின்ற வைக்கலே செரிக்காது.

இதற்கு வழியாகத்தான் கொழுப்பைக் கல்சியத்தோடு சேர்த்து ஒருவகைச் சவர்க்காரமாக்கி விற்கிறார்கள். முதல் அறையில் அவ்வளவாகக் கரையாது, அமிலமுள்ள நாலாவது அறைக்குப் போனதும் பிரியும். ஆனால் பொதுவாக விற்பது செம்பனை எண்ணெயில் செய்தது. பெலன் தரும், ஒமேகா-3 அதில் இல்லையென்றே சொல்லலாம். பையில் கொழுப்பு என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்தக் கொழுப்பு என்று பாருங்கள்.

ஊரில் ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுகிறோமே இளங்கொடி, அதாவது பசுவின் நஞ்சுக்கொடி, அது சரியான கஞ்சன். மனிதத் தாயின் நஞ்சுக்கொடி நோயெதிர்ப்புப் பொருளைக் குழந்தைக்கு அனுப்பும், பசுவினுடையது அனுப்பாது. கொழுப்பமிலங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும், ஆகவே கன்றும் குட்டியும் பிறக்கும்போது லினோலெயிக் மிகக் குறைவாகவே வைத்திருக்கும். மிச்சம் கடும்புப்பாலில்தான் வர வேண்டும். அந்தப் பாலிலுள்ள எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சுவதும் பிறந்து ஒரு நாள் மட்டுமே, முதல் சில மணித்தியாலம்தான் உச்சம்.

மார்கழி மழையில் விடியப்புறம் ஒரு மறி ஆடு குட்டி போடுகிறது என்று வையுங்கள். கொட்டில் ஒழுகுகிறது, குட்டி நனைந்து நடுங்குகிறது. அதன் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் பழுப்புக் கொழுப்பு எரிந்துதான் உடம்பு சூடாகும், அந்தக் கையிருப்பும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அது தீர்வதற்குள் எழும்பி மடியைத் தேடிப் பிடித்துக் குடித்துவிட்டால் பிழைக்கும். எழும்பத் தாமதமானால் விடிந்ததும் நாம் தூக்கிப் புதைக்க வேண்டியதுதான், பழியைத் தடிமன் மீது போட்டுவிட்டு.

இந்த இடத்தில்தான் தாய் தின்ற கொழுப்பு பேசுகிறது. பிரித்தானியாவில் சினைச் செம்மறிகளுக்குப் பாசியிலிருந்து எடுத்த ஒமேகா-3 கொடுத்துப் பார்த்தபோது குட்டிகள் சீக்கிரம் எழுந்து நின்றன. அமெரிக்காவின் மொண்டானாவில் லினோலெயிக் நிறைந்த குசும்பா விதை தின்ற பசுக்களின் கன்றுகள் குளிரை நன்றாகத் தாங்கின. ஒஹாயோவில் மீன் கொழுப்பு வகை தின்ற செம்மறிகளின் குட்டிகள் வளரும்போது எடை கூடின. எல்லாச் சோதனையிலும் இப்படி வரவில்லை, மீன் எண்ணெய் கொடுத்துக் கடும்புப்பாலே குறைந்துபோன சோதனையும் உண்டு. அதனால் மாத்திரை வாங்கி மாட்டுக்குக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம். தேங்காய்ப் புண்ணாக்கின் எண்ணெயில் பாதியளவு லோரிக் அமிலம். கறவைக்கு நல்லது, வயிற்றுக் கன்றுக்கு வேண்டிய கொழுப்பு அதில் சொற்பம். எள்ளுப் புண்ணாக்கிலும் தவிட்டிலும் ஒமேகா-6 இருக்கிறது. ஒமேகா-3க்குப் பச்சைதான். புல்லின் உலர் எடையில் கொழுப்பு 2, 3 சதவீதம்தான், ஆனால் அதில் பாதி அல்லது அதற்கும் மேல் லினோலெனிக். நுண்ணுயிர்கள் பெரும்பங்கைப் பிடுங்கிக்கொண்டாலும், நாள் முழுக்க மேய்கிற மாட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சும். வெட்டி வெயிலில் காயப்போட்டால் அதுவும் குறையும். வைக்கலில் பெயருக்குத்தான் இருக்கும்.

ஆடி ஆவணியில் வடக்கில் தரவை கருகிக் கிடக்கும்போது பச்சை மரத்தில்தான் இருக்கிறது. பூவரசங்குழை, முருங்கை, அகத்தி, வேலியில் நிற்கிற கிளிசரிடியா, தண்ணீர் இருந்தால் கோ-3 புல். மாடு சினையாக நிற்கும்போது புண்ணாக்குக் காசில் ஒரு பங்கைக் குழை வெட்டுகிறவருக்குக் கூலியாகக் கொடுங்கள் என்றால் ஊரில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முன்வரிசையில் ஓர் அக்கா ஆளி விதை கொடுக்கலாமா என்று கேட்டார். அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3, நல்ல சாமான்தான், கொழும்புக் கடை விலைக்கு மாட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு கதை. ஆட்டுக்கென்றால் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் இடித்துக் கொடுங்கள். முழு விதையில் ஒரு பங்கு செரிக்காமல் புழுக்கையோடு அப்படியே வெளியே வந்துவிடும். அதற்கும் முன்னால் மிருக வைத்தியரைக் கூப்பிட்டுச் சினை எத்தனை மாதம் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கடாவை எப்போது விட்டோம் என்றே தெரியாதவர்களுக்கு ஆட்டுச் சினையின் கடைசி ஐம்பது நாள் எதுவென்று நான் எப்படிச் சொல்வது?