கறுப்புத் திரையிலிருந்து ஓர் இயங்குதளம்

வணக்கம் நண்பர்களே.

பென் டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து எழுப்புகிறீர்கள். கறுப்புத் திரை வருகிறது. அதில் ஒரே ஒரு வரி, வரியின் முடிவில் மினுக்கும் ஒரு சிறு கோடு. மவுஸ் அம்புக்குறி கிடையாது. ‘அடுத்து’ என்று அழுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் இந்த இடம் வரைக்கும் வந்து, கணினியை அணைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். இன்றைக்கு அந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளம். 2002-இல் ஜட் வினெட் தொடங்கியது. நிறுவி முடிக்கும்போது உங்கள் கையில் இருப்பது அடிப்படை மட்டும்தான். மேசைத்திரை, உலாவி, இசை எல்லாம் நீங்கள் கேட்டால்தான் வரும். 2021 முதல் கேள்வி கேட்டுக் கேட்டு நிறுவித் தரும் ‘ஆர்ச்இன்ஸ்டால்’ என்ற நிரலும் அதே பென் டிரைவில் கிடைக்கிறது. அவசரத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள், தப்பே இல்லை. ஆனால் வாழ்க்கையில் ஒருமுறையாவது கையால் நிறுவிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். கையால் நிறுவியவருக்குத் தன் கணினி படுத்துக்கொண்டால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

நிறுவுதல் என்றால் என்ன? வட்டில் இடம் ஒதுக்குகிறோம். அந்த இடத்தில் கோப்புகளைக் கொண்டுவந்து வைக்கிறோம். அவை எங்கே இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்லி வைக்கிறோம். பச்சை நிறப் பட்டை மெதுவாக நிரம்பும் அந்த அழகான நிறுவிகளும் உள்ளே இதைத்தான் செய்கின்றன.

இப்போது திரையில் ஓடிக்கொண்டிருப்பதே ஒரு முழு லினக்ஸ்தான். அது ரேம் நினைவகத்தில் ஓடுகிறது. நீங்கள் அதற்குள் என்ன மாற்றினாலும், அணைத்தால் போய்விடும். வட்டை நீங்களாகத் தொடாத வரையில் எதுவும் கெடாது. ஆகையால் பயமில்லாமல் தட்டிப் பாருங்கள்.

வட்டைத் தொடும் நேரத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ‘எல்எஸ்பிஎல்கே’ என்று அடித்தால் கணினியில் இருக்கும் வட்டுகள் வரிசையாக வரும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களை நம்பாதீர்கள். இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் எந்த வட்டை முதலில் கண்டதோ அதற்கு முதல் பெயர். அடுத்த முறை எழுப்பும்போது வரிசை மாறிவிடலாம். கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்துத்தான் வட்டை அடையாளம் காண வேண்டும். ஒருமுறை ஒரே அளவுள்ள இரண்டு வட்டுகள் இருந்த கணினியில், பெயரை மட்டும் பார்த்துவிட்டு, படங்கள் வைத்திருந்த வட்டை நான் அழித்துவிட்டேன். நகல் எடுத்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கணினியில் நிறுவினாலும், வேலைக்கு வேண்டாத வட்டின் கேபிளை முதலில் கழற்றி வைக்கிறேன். உங்களிடமும் அதையே வேண்டிக்கொள்கிறேன்.

வட்டைப் பிரிப்பது ஒரு பாகப்பிரிவினை. ‘எஃப்டிஸ்க்’ என்ற பழைய, நல்ல கருவி இருக்கிறது. அதில் நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் முதலில் நினைவகத்தில்தான் நிற்கும். ‘டபிள்யூ’ என்ற எழுத்தை அடித்து என்டர் தட்டினால்தான் வட்டில் எழுதப்படும். ‘பி’ அடித்தால் எழுதப்போகும் பட்டியலைக் காட்டும். சந்தேகம் வந்தால் ‘க்யூ’ அடித்து ஒன்றும் நடக்காததுபோல வெளியே வந்துவிடலாம். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை வாசித்துப் பார்க்கிற மாதிரி, ‘பி’ அடிக்காமல் ‘டபிள்யூ’ அடிக்காதீர்கள்.

எத்தனை பாகம்? யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை எழுப்பும் முறை உள்ள இன்றைய கணினிகளில், எழுப்பத் தேவையான கோப்புகளுக்கு 1 ஜிபி அளவில் ஒரு இஎஃப்ஐ பாகம், ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்கு 4 ஜிபி, மீதமெல்லாம் இயங்குதளம் உட்காரும் ரூட் பாகம். ஆரம்பத்துக்கு இது போதும். இஎஃப்ஐ பாகத்தை ஃபேட்32 முறையிலும் ரூட் பாகத்தை இஎக்ஸ்டி4 முறையிலும் வடிவமைக்க வேண்டும். இஎஃப்ஐ பாகத்துக்கு ஏன் அந்தப் பழைய ஃபேட்? கணினிக்குள்ளேயே பதிந்து வரும் நிரலான ஃபர்ம்வேருக்கு வாசிக்கத் தெரியும் என்று உறுதியாக நம்பக்கூடிய வடிவம் அதுதான்.

அடுத்து ‘மவுண்ட்’. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலர் வழுக்கும் இடம் இது. விண்டோஸில் ‘சி’, ‘டி’ என்று ஒவ்வொரு பாகமும் தனி வீடு. யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் வந்த லினக்ஸ் போன்றவற்றில் ஒரே மரம்தான். ஒரே ஒரு சாய்கோடு அதன் வேர். ஒரு பாகத்தை மவுண்ட் செய்வது, அதை அந்த மரத்தின் ஒரு கிளையில் ஒட்டுப்போடுவது போன்றது. முதலில் ரூட் பாகத்தை ‘எம்என்டி’ என்ற கோப்புறையில் ஒட்டுகிறோம். அப்புறம் அதற்குள் ‘பூட்’ என்ற கோப்புறையில் இஎஃப்ஐ பாகத்தை ஒட்டுகிறோம். வரிசை மாறக் கூடாது. இஎஃப்ஐயை முதலில் ஒட்டி, பிறகு அதன்மேல் ரூட்டை ஒட்டினால், முதலில் ஒட்டியது அடியில் மறைந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கெர்னல் கோப்பு ரூட் பாகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், இஎஃப்ஐ பாகம் வெறுமையாகவே கிடக்கும். ஒட்டி முடித்ததும் மறுபடி ‘எல்எஸ்பிஎல்கே’ அடித்துப் பாருங்கள். எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று அதுவே சொல்லும்.

இணைய இணைப்பு வேண்டும். கேபிள் என்றால் செருகினால் போதும். வைஃபை என்றால் ‘ஐடபிள்யூசிடிஎல்’ என்ற கருவி.

இனி கோப்புகள். ‘பேக்ஸ்ட்ராப்’ என்ற ஒரே கட்டளை, இணையத்திலிருந்து பொதிகளை, அதாவது நிரல்களின் கட்டுகளை, இறக்கி, எம்என்டிக்குள் அடுக்கிவிடும். அதற்கு மூன்று பெயர்களைக் கொடுப்போம்: பேஸ் (அடிப்படைக் கருவிகள்), லினக்ஸ் (கெர்னல்), லினக்ஸ்-ஃபர்ம்வேர் (வன்பொருள்களுக்கான ஃபர்ம்வேர்). பேஸ் என்றாலே எல்லாம் அடக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2019 அக்டோபரிலிருந்து கெர்னல் அதில் சேர்த்தி இல்லை. கோப்பைத் திருத்தும் எடிட்டர்கூட அதில் கிடையாது. நானோ, விம் இரண்டில் ஒன்றை மறக்காமல் அதே கட்டளையில் சேர்த்துவிடுங்கள்.

கோப்புகள் வந்துவிட்டன. எந்தப் பாகம் மரத்தின் எந்தக் கிளையில் ஒட்ட வேண்டும் என்று கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் தெரிந்துகொள்ள ஒரு குறிப்பு வேண்டும். அதுதான் ‘எஃப்ஸ்டேப்’ கோப்பு. வட்டின் பெயர் மாறலாம் என்று சொன்னேன் அல்லவா? அதனால் இங்கே பெயருக்குப் பதிலாக யூயூஐடி என்ற அடையாள எண்ணை எழுதுகிறோம். பாகத்தை வடிவமைக்கும்போது அதற்கென்று உருவாகும் எண் அது. கையால் எழுத வேண்டியதில்லை. ‘ஜென்எஃப்ஸ்டேப்’ எழுதித் தரும். எழுதித் தந்ததைத் திறந்து வாசியுங்கள். அதே கட்டளையை இரண்டு முறை ஓட்டியிருந்தால் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ‘ஆர்ச்-சிஎச்ரூட்’ என்று ஒரு கட்டளை. வேரை மாற்று என்று அர்த்தம். இதை அடித்த நொடியில், பென் டிரைவிலிருந்து ஓடும் அதே கெர்னலின்மேல் நின்றுகொண்டு, நீங்கள் வட்டில் வைத்த புது இயங்குதளத்துக்குள் நுழைகிறீர்கள். இனி சாய்கோடு என்றால் உங்கள் வட்டின் வேர். இன்னும் ஒருமுறைகூடத் தானாக எழுந்திராத ஒரு வீட்டுக்குள் போய், விளக்குகளைச் சரிபார்க்கிறோம். இந்த எண்ணம் யுனிக்ஸுக்கு 1979 வாக்கிலேயே வந்துவிட்டது.

உள்ளே செய்ய வேண்டியவை சில: நேர மண்டலம், மொழி அமைப்பு, கணினிக்கு ஒரு பெயர், ‘ரூட்’ என்ற நிர்வாகிப் பயனரின் கடவுச்சொல். இவற்றில் சிரமம் ஒன்றுமில்லை. எல்லாமே சாதாரண உரைக் கோப்புகள், திறந்து எழுதினால் முடிந்தது. கணினியின் பெயர்கூட ஒரு கோப்பில் இருக்கும் ஒரு வரிதான்.

கடைசி வேலை பூட்லோடர். கணினி எழும் வரிசையைப் பாருங்கள். ஃபர்ம்வேர் விழித்து இஎஃப்ஐ பாகத்தைப் பார்க்கிறது. அங்கே இருக்கும் பூட்லோடரை ஓடவிடுகிறது. அது கெர்னலையும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறு மூட்டையையும் ரேமில் ஏற்றுகிறது. இந்த மூட்டை எதற்கு? வட்டைப் படிக்க ஒரு டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ வட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியின் சாவி பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட கதை. ஆகவே அந்தச் சாவியை மட்டும் தனியாக ஒரு மூட்டையில் கட்டி வெளியே வைக்கிறோம். வட்டு திறந்ததும் ரூட் பாகம் ஒட்டப்படுகிறது, 1 என்ற எண் கொண்ட முதல் செயல் தொடங்குகிறது. ஆர்ச்சில் அது சிஸ்டம்டி. மற்றவை எல்லாம் அதன் பிள்ளைகள்.

சரி, நான் முதன்முதலில் இதையெல்லாம் முடித்து, பென் டிரைவை எடுத்துவிட்டு எழுப்பினேன். வந்தது. என் பெயரைக் கேட்டது, கடவுச்சொல்லைக் கேட்டது, உள்ளே விட்டது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த நிமிடம் வைஃபையை இணைக்க ‘ஐடபிள்யூசிடிஎல்’ அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. பென் டிரைவில் இருந்தது, என் வட்டில் இல்லை. நான் அதை நிறுவவே இல்லை. நிறுவ இணையம் வேண்டும், இணையத்துக்கு அது வேண்டும்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் அழித்துச் செய்யத்தான் வேண்டும் என்று நினைத்தேன். பாகப்பிரிவினைக் கட்டளைவரை போய்விட்டேன். அங்கே கை நின்றது. வட்டில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? பென் டிரைவிலிருந்து எழுப்பி, வைஃபையை இணைத்து, ரூட் பாகத்தை ஒட்டி, ‘பூட்’ கோப்புறையில் இஎஃப்ஐ பாகத்தை ஒட்டி, சிஎச்ரூட் வழியாக உள்ளே போய், விட்டுப்போன பொதியை நிறுவிவிட்டு வந்தால் என்ன? செய்தேன். ஐந்தாறு கட்டளைகள்தான். மறுபடி எழுப்பியபோது இணையம் வந்தது.

மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றவும், பாதியில் மின்சாரம் போய் உடைந்த புதுப்பித்தலைச் சரிசெய்யவும், கெட்டுப்போன பூட்லோடரைத் திரும்ப வைக்கவும் இதே வழிதான். நிறுவிய வழியே பழுதுபார்க்கும் வழியும். ஒட்டு, உள்ளே போ, சரிசெய், வெளியே வா. வட்டை முழுவதும் பூட்டி மறையாக்கம் செய்திருந்தால் மட்டும் முதலில் அதன் கடவுச்சொல் வேண்டும். மறையாக்கம் செய்யாத வட்டில், பென் டிரைவ் வைத்திருக்கும் யாரும் இப்படி உள்ளே வரலாம் என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

அமைத்த பிறகு இரண்டு விஷயம். அன்றாட வேலைக்கு ரூட்டாக நுழையாதீர்கள். தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, தேவைப்படும்போது மட்டும் நிர்வாகி அதிகாரம் தரும் ‘சூடோ’ கொடுங்கள். புதுப்பிக்கும்போது முழுவதையும் சேர்த்துப் புதுப்பியுங்கள். பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் ‘பேக்மேன்’ கட்டளையில் ‘எஸ்ஒய்’ மட்டும் போட்டு ஒரே ஒரு பொதியை நிறுவினால், புதுப் பொதி பொது நிரல் நூலகத்தின் ஒரு பதிப்பைக் கேட்கும், பழைய பொதிகள் வேறொரு பதிப்பைக் கேட்கும். ‘எஸ்ஒய்யூ’ என்று முழுதாக அடியுங்கள்.

தமிழ் எழுத்து அந்தக் கறுப்புத் திரையில் சரியாக வராது. அந்தக் கன்சோலில் அதிகபட்சம் 512 எழுத்துருவங்களுக்குத்தான் இடம். கொம்பையும் காலையும் சேர்த்து வரையும் ஏற்பாடும் அதில் இல்லை. மேசைத்திரையும் நோட்டோ எழுத்துருவும் வந்தால் தமிழ் தானாக வரும்.

இப்போது மேசைமேல் இருக்கும் மடிக்கணினிகளில் மெய்நிகர் கணினி தயாராக இருக்கிறது. உள்ளே இருப்பது வெற்று வட்டு, அழிய எதுவும் இல்லை. திறந்து, ‘எல்எஸ்பிஎல்கே’ அடியுங்கள். வட்டின் அளவு என்ன என்று காட்டுகிறது? முன் வரிசையிலிருந்து சொல்லுங்கள்.