டீயும் சத்து மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் நகர சுகாதார செவிலியராக 26 வருடம் தெருத்தெருவாகச் சுற்றியவள் நான். இங்கே என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் 'இரும்புச் சத்துக் குறைபாடு' என்று தலைப்புக் கொடுத்தார்கள். எங்கள் ஏரியாவில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? "ரத்தம் கம்மியா இருக்குதாம்." அவ்வளவுதான். டீக்கடையில் சில்லறை கம்மியானதுபோல.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வயது 18, ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின், அதாவது இரும்பை வைத்து உடம்பு செய்கிற ரத்தத்தின் சிவப்புச் சத்து, 7.8. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் ஆபத்து. மீன் ஏலம் முடிந்து அம்மாக்காரி திரும்பும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளைக் காகிதம் மாதிரி. நைட்டிமேல் போட்டிருந்த துண்டின் முனையில் ஒரு முடிச்சு. அவிழ்க்கச் சொன்னேன். ஒரு கைப்பிடி பச்சரிசி.

"சும்மா வாயில போட்டுக்குவேன்க்கா."

வீட்டில் மசக்கை என்று சிரித்துவிட்டார்கள். பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, சாம்பல், ஐஸ் கட்டி என்று ஒரு பெண் ஓயாமல் தேடித் தின்றால் பெரும்பாலும் இரும்பு குறைந்திருக்கும். "எப்போ இருந்து?" என்று கேட்டேன். "ஒன்பதாவது படிக்கும்போதே." அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கர்ப்பத்துக்கு ஐந்து மாதம். பச்சரிசிக்கு நாலு வருடம்.

வளர்கிற வயதில் உடம்புக்கே இரும்பு போதாது. மாதாமாதம் தீட்டில் கொஞ்சம் போகும். காலையில் டீயும் பொறையும்தான் சாப்பாடு. இந்த உடம்பில் பிள்ளை தங்கினால், பிரசவம் வரை மொத்தம் 1,000 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு கூடுதலாக வேண்டும். வளர்ந்து முடியாத தாயும் வளரும் குழந்தையும் ஒரே தட்டில் கை வைக்கிறார்கள்.

சரி, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தோமே, என்ன ஆச்சு? அம்மா சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு எடுத்துக் காட்டினார். பிரிக்காத அட்டைகள் மூன்று. வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, அப்புறம் பக்கத்து வீட்டு ஆயா "குழந்தை கறுப்பாப் பிறக்கும்" என்றிருக்கிறார். மாத்திரையால் கறுப்பாவது மலம் மட்டும்தான், குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முழுங்கிய சில மாத்திரைகளையும் டீயோடுதான் முழுங்கியிருக்கிறாள். டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக்கூடாது. வாந்தி வந்தால் இரவில், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, எலுமிச்சைத் தண்ணீரோடு போடலாம். நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள்.

என் தப்பும் ஒன்று உண்டு. இத்தனை வருடமும் கொடுத்த மாத்திரையைத்தான் நோட்டில் எழுதினேன், முழுங்கியதை எண்ணவேயில்லை.

"பீட்ரூட் ஜூஸ் குடுக்கிறோம், மாதுளை குடுக்கிறோம்" என்பார்கள். சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறிவிடுமா? அந்தக் காசுக்கு நெத்திலி, சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல், எலுமிச்சை பிழிந்த முருங்கைக்கீரை எவ்வளவோ மேல். ஆனால் 7.8-ஐச் சாப்பாடு மட்டும் தூக்கிவிடாது, மாத்திரை வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போவது சாதாரணம். 11 இருக்கிறவள் எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். 6 இருக்கிறவளுக்கு அதே அரை லிட்டர் உயிருக்கே வினையாகலாம். குழந்தையும் எடை குறைந்து, நாள் நிறையாமல் பிறக்கலாம்.

18 நிறையாத பிள்ளைகள் கதை இன்னும் சங்கடம். வயது தெரிந்தால் போலீஸ் வரும் என்று வீட்டார் ஏழாம் மாதம் வரை ஒளித்து வைக்கிறார்கள். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் எங்கள் கண்ணில் படும்போது ரத்தம் ஏற்றத்தான் நேரம் இருக்கும், மாத்திரைக்கு நேரம் இருக்காது.

நான் சொன்ன பெண்ணுக்கு மாத்திரையை இரண்டு வேளையாக்கியும் சரியாக ஏறவில்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக இரும்பு ஏற்றினார்கள். (என் இரண்டு பிள்ளைகளும் அங்கே பிறந்தவர்கள்தான்.) பிரசவத்துக்குப் போகும்போது 10.2. குழந்தை இரண்டரைக் கிலோவுக்கு மேல்.

பார்க்கப் போனேன். தங்கச்சி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், எட்டாவது படிக்கிறவள். எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னேன். பச்சரிசி.

குழந்தையை அப்புறம் கொஞ்சிக்கொள்ளலாம் என்று அவளைக் கையோடு அழைத்துப்போய் விரலில் குத்திப் பார்த்தேன். அந்த வயதுக்கு 12 இருக்க வேண்டும். அவளுக்கு 9.4.

வணக்கம்.